இரண்டு முறை தட்டினால்

சென்ற வைகாசியில், காஞ்சிபுரத்தில் கருடசேவை நடந்த விடியற்காலை அது. அதைச் சொல்வதற்கு முன் என் மகளின் ஜூடோ வகுப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

ஏழு வயதுப் பெண்ணை ஜூடோவில் சேர்த்தது என் கணவர். எனக்குத் துளியும் விருப்பமில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். அவளைவிடப் பெரிய பையன் ஒருவன் அவளை மெத்தையில் சாய்த்து அழுத்திப் பிடிக்கும்போது என் மூச்சு நின்றுவிடும். முடியவில்லை என்றால் எதிராளியின் உடம்பில் இரண்டு முறை தட்ட வேண்டும், தட்டியதும் அவர் விட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. அவன் கவனிக்காமல் போனால்? ஒருநாள் அந்தப் பையனிடமே கேட்டுவிட்டேன்.

"தட்டினா வுட்டுடுவேன் ஆன்ட்டி. அவ ஒண்ணும் பயப்படலை. நீங்கதான் பயந்துக்கினு எழுந்து எழுந்து நிக்கிறீங்க" என்றான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

கருடசேவையன்று பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். கணவர் ஆட்டோ பிடிக்க முன்னால் போயிருந்தார். திடீரென்று முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் கூட்டம் நெருக்கியது. என் கால் தரையில் பாவவில்லை. "தள்ளாதீங்கபா, கொயந்த இருக்குது!" என்று யாரோ கத்தினார். மகளை வயிற்றோடு சேர்த்து இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டேன். பிடி நழுவினால் மிதித்துவிடுவார்கள் என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் இல்லை.

என் இடுப்பில் அவள் இரண்டு முறை தட்டினாள். பயப்படுகிறாள் என்று நினைத்து, "ஒண்ணுமில்லடா, அம்மா இருக்கேன்" என்று இன்னும் இறுக்கினேன். மறுபடியும் தட்டினாள். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம், மிக மெதுவாக, இரண்டு முறை.

அப்போதுதான் உறைத்தது. பயந்துகொண்டேதான் கைகளைத் தளர்த்தினேன். முகம் கன்றிச் சிவந்து, வாயைத் திறந்து காற்றை இழுத்தாள். என் கல்யாணப் பட்டின் சரிகை அவள் கன்னத்தில் அப்படியே பதிந்திருந்தது. அவள் மூச்சை அடைத்தது என் கைகள்தான்.

மூடியிருந்த கடையின் படியில் நின்ற ஒரு பெண்மணி, "இங்க குடும்மா, நான் மேல தூக்கிக்கிறேன்" என்று கை நீட்டினார். முன்பின் தெரியாதவர். ஒரு கணம் தயங்கிவிட்டுக் கொடுத்தேன். கூட்டம் தளர்ந்ததும் அந்தப் படியில் ஏறி மகளை வாங்கிக்கொண்டேன்.

"எத்தனை வாட்டி தட்டினேன், நீ விடவே இல்லையேம்மா. அந்த அண்ணன்னா உடனே விட்டுடுவான்" என்றாள்.



இப்போதும் வகுப்பில் அதே ஓரத்தில்தான் உட்கார்கிறேன், பயம் போய்விடவில்லை. ஆனால் சாலையைக் கடக்க அவள் கையைப் பற்றும்போதெல்லாம், வண்டிகளோடு சேர்த்து, என் கைக்குள் அவள் விரல்கள் தட்டுகின்றனவா என்றும் கவனித்துக்கொண்டே நடக்கிறேன்.