மாடி அறையில் ஓடிய சைக்கிள்

என் மனைவிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து இதை எத்தனையோ பேரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அவளும் கூடச் சிரிப்பாள். அவள் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து, வார்டு வார்டாக நடந்தே ஓய்வுபெற்றவள். நான் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். ஓய்வுக்குப் பிறகு எனக்கென்று மிச்சமிருந்த பெருமை சைக்கிள் ஒன்றுதான். விடிந்ததும் கண்டியிலிருந்து கிளம்பி, தெல்தெனிய வரை மிதித்துப் போய், கடைத்தெருவில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவேன். என் வயதுக்காரர்கள் பஸ்ஸில் ஏறவே கையைப் பிடிக்க ஆள் தேடும்போது நான் மேடு ஏறிக்கொண்டிருந்தேன். அதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது.

அறுபத்தேழாவது வயதில் விழுந்தேன். மழை விட்டிருந்த ஒரு காலையில், திகனையைத் தாண்டிய வளைவில், முன்னால் போன ஆட்டோ சட்டென்று திரும்பியது. பிரேக்கைப் பிடித்ததும் சைக்கிள் வழுக்கிவிட்டது. இடது காறை எலும்பு உடைந்தது. "எலும்பு பொருந்திடும். ஆனா இனி ரோட்டுல போறத யோசிச்சுச் செய்யுங்க" என்றார் டொக்டர். என் மனைவியின் காதில் "யோசிச்சு" விழவில்லை.

"போதுங்க. இந்த வீட்டுல ஒரு நர்ஸ்தான் இருக்கா, வார்டு இல்ல" என்று முடித்துவிட்டாள்.

எங்களுக்கு ஒரே மகள். மெல்பேர்னில் இருக்கிறாள். அவளும் சைக்கிள் ஓட்டுவாள். ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான். ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி, மூச்சு வாங்கியது இன்றும் ஞாபகம் இருக்கிறது. விழுந்த செய்தி கேட்டு அழுதவள், இரண்டு மாதம் கழித்து, "அப்பா, இனி வீட்டுக்குள்ளயே ஓட்டுங்க. நான் ஒன்னு அனுப்புறேன்" என்றாள்.

வந்தது ஒரு கனத்த இரும்புச் சாமான். ட்ரெய்னர் என்றார்கள். சைக்கிளின் பின் சில்லைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இதைப் பூட்ட வேண்டும். சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கும். மிதித்தால், எதிரே டீவித் திரையில் நமக்கென்று ஒரு பொம்மை மனிதன் சைக்கிளில் போவான். திரையில் மேடு வந்தால் மிதி இறுகும், இறக்கம் வந்தால் இளகும். பக்கத்தில் போகிற மற்றப் பொம்மைகள் எல்லாம் அந்த நேரத்தில் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் நிஜமாகவே மிதித்துக்கொண்டிருப்பவர்கள்.

சொல்வதற்குச் சுலபம். பூட்டி முடிக்க ஒரு வாரம் ஆனது. என் இடது கைக்குப் பலமில்லாததால் மனைவியும் நானும் பெட்டியைப் படி படியாக மாடிக்கு ஏற்றினோம். மிதித்துப் பார்த்தால் செயின் கடகடவென்று குதித்தது. வத்தேகமையிலிருந்து சைக்கிள் திருத்துகிற பாஸ் ஒருவரை வரவழைத்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஒங்க சைக்கிளுக்கு ஒம்பது பல்சக்கரம் ஐயா. இதுல பதினொன்னு இருக்கு. செயின் எப்பிடி ஒக்காரும்?" என்று கேட்டு, மாற்றிக் கொடுத்தார். அதன் பிறகு வைஃபை. மாடிக்குச் சரியாக எட்டாமல், என் பொம்மை நடுரோட்டில் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வழிகாட்டிப் புத்தகத்தை முழுவதும் வாசித்தவள் என் மனைவிதான். ரவுட்டரை மாடிப்படித் திருப்பத்துக்கு மாற்றியதும் அவள்தான். என்னுடைய நிறையைக் கேட்ட இடத்தில், என்னைத் தராசில் ஏற்றி எழுபத்தெட்டு என்று பதிந்தவளும் அவளே. மேட்டில் பாரமானவர் மெதுவாக ஏறுவார் என்பதை அந்த விளையாட்டு இந்த நிறையை வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறது.

முதல் நாள் இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை. ரோட்டில் காற்று முகத்தில் அடிக்கும். மாடி அறையில் வியர்வை மட்டும்தான். இரண்டு மின்விசிறி வைத்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் எங்கெங்கோ இருந்த முகம் தெரியாதவர்கள் சர் சர்ரென்று என்னைத் தாண்டிப் போனது தாங்கமுடியாததாக இருந்தது. தெல்தெனிய ரோட்டில் என்னை யாரும் அப்படித் தாண்டியதில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு காலை, ஏறி உட்கார்ந்ததும் முழங்கால் மடங்கி நெஞ்சுக்கு வந்தது. ஆசனம் இறக்கப்பட்டிருந்தது. கீழே போய்க் கேட்டேன்.

"நான்தாங்க" என்றாள் மனைவி, கீரையை ஆய்ந்துகொண்டே. "நீங்க பிசியோவுக்குப் போற நாள்ல ஏறிப் பாத்தேன். அது விழாதுல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆசனத்தின் உயரம் எப்படி இருக்க வேண்டும், மூச்சை எப்படி விட வேண்டும் என்றெல்லாம் ஒரு வாத்தியாராகச் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்குத் தனிக் கணக்கும் திறந்து கொடுத்தேன். அவள் நிறை ஐம்பத்தேழு.

அவள் பத்து நிமிடத்தில் தொடங்கி முக்கால் மணிநேரத்துக்கு வந்தாள். அவசரப்படமாட்டாள். நெஞ்சில் கட்டிய பட்டியில் நாடித் துடிப்பைப் பார்த்துப் பார்த்து, கூடினால் குறைத்து, குறைந்தால் கூட்டி, நோயாளிக்கு சேலைன் ஏற்றுகிற நிதானத்தில் மிதித்தாள். நான் ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலேயே பாய்ந்து, பாதியில் தொங்கிப்போவேன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்கமுடியாமல் போனது ஞாயிற்றுக்கிழமைகள். மெல்பேர்னில் மகள் தன் சைக்கிளில் ஏற, இங்கே இவள் ஏற, இருவருடைய பொம்மைகளும் திரையில் சேர்ந்து போகும். போனில் பேசிக்கொண்டே ஓட்டுவார்கள். நான் கீழே பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மேலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். வாரத்துக்கு ஒருமுறை மகள் என்னோடு பேசுகிற போன் அது. இப்போது கடைசியில், "அப்பா நல்லாருக்காரா?" என்று அம்மாவிடமே கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். சைக்கிளின் பின்னால் ஓடியவன் நான். கூடச் சேர்ந்து ஓட்டுகிறவள் என் மனைவி. வாசித்த வரியையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பேன்.

பிறகு அந்த மலை வந்தது. திரையில் ஒரு நீண்ட ஏற்றம். உச்சிக்குப் போக எனக்கு ஐம்பத்திரண்டு நிமிடம் எடுத்தது. அடுத்த வாரம் மனைவி ஐம்பதில் ஏறினாள். மகள் எங்கள் மூவருக்குமான வட்ஸ்அப்பில், "அம்மா, கலக்கிட்டீங்க!" என்று போட்டிருந்தாள். நான் ஏறியபோது கட்டைவிரல் படம் ஒன்றுதான் வந்திருந்தது.

அன்றைக்கு மத்தியானம் என் கணக்கைத் திறந்து நிறையை எழுபத்தொன்றாக மாற்றினேன். முப்பத்தைந்து வருடம் பரீட்சை மண்டபத்தில் பிள்ளைகள் ஒளித்த துண்டுக் கடதாசியைத் தேடிப் பிடித்த கை அது.

மறுநாள் நாற்பத்தெட்டில் ஏறிவிட்டேன். "அப்பா, சூப்பர்!" என்றாள் மகள். மனைவி வந்து துவாயால் என் முதுகைத் துடைத்து, "அப்பாடி, எவ்வளவு நல்லா ஏறினீங்க" என்றாள். அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். எனக்கு ஒரு நாள் முழுவதும் சந்தோஷமாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் என் தட்டையே பார்த்தாள்.

"நீங்க எனக்கு ஒன்னு மறைக்கிறீங்க."

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"போன்ல ஒங்க கணக்கப் பாத்தேன். ஏழு கிலோ கொறஞ்சிருக்கீங்க. மூனு மாசம்கூட ஆகல. இப்பிடிக் கொறஞ்சு வந்தவங்கள நான் வார்டுல பாத்திருக்கேங்க. தாகம் எடுக்குதா? எங்கயாவது வலிக்குதா? சொல்லுங்க." அவள் குரல் உடைந்துபோயிருந்தது. "நாளைக்கு ரத்தம் குடுக்கணும். லேப்ல பேசிட்டேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பெறகு ஒன்னும் சாப்பிடக் கூடாது."

அப்போதே சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் ஒன்னுமில்ல" என்று மட்டும் சொன்னேன். அவள் எழுந்துபோய், அலுமாரிக்கு அடியிலிருந்து தராசை இழுத்து வந்து என் காலடியில் வைத்தாள். ஏறினேன். எழுபத்தொன்பது காட்டியது.

அவள் குனிந்து முள்ளைப் பார்த்தாள். தராசைத் தூக்கி, தட்டி, திரும்ப வைத்தாள். மறுபடியும் எழுபத்தொன்பது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"என்னைய ஜெயிக்கிறதுக்கா?" என்றாள்.

நான் தராசிலிருந்து இறங்கினேன்.

"ஏமாத்தினது பெருசில்லங்க. மூனு நாளா நான் ஒறங்கல. ஒங்கள எந்த வார்டுல போடுவாங்கன்னு வரைக்கும் யோசிச்சிட்டேன்."

கதிரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் காறை எலும்பு உடைந்தபோதும் அவள் அழுததில்லை. பக்கத்தில் போய் நின்றேன். "பொறாமையா இருந்துச்சு" என்றேன். அந்தச் சொல்லை என் வாயால் அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஒம்மேல இல்ல. நீயும் மகளும் சிரிக்கிறது கேக்கும். அதுமேல."

"மேல வந்து ஒக்காந்திருக்கலாமே. யாரு வேணான்னா?"

இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, நிறையை எழுபத்தொன்பது என்று அவளே திருத்தினாள். மகளிடம் நான்தான் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். சொன்னேன். மகள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஞாயித்துக்கெழம அம்மாவோட டேர்ன் அப்பா. நீங்க சனிக்கிழம வாங்க" என்றாள்.

இப்போது சனிக்கிழமை காலைகளில் மகளோடு போகிறேன். மனைவி விசிறியைப் போட்டுவிட்டுக் கீழே போய்விடுவாள். மகள் அங்குள்ள குளிரைப் பற்றிச் சொல்வாள், ஹந்தானை மலையில் மழையா என்று கேட்பாள். மேடு வந்தால் அவளுடைய பொம்மை என் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வரும். நாலாவது வாரம்தான் கவனித்தேன். எனக்கு மூச்சு இரைத்தது, அவள் குரலில் ஒரு இரைப்பும் இல்லை.

"அம்மாவோட போறப்பவும் இப்பிடி மெதுவாத்தான் போவியா?" என்று கேட்டேன்.



"இல்லப்பா" என்றாள். "அம்மாவோட போனா எனக்கே மூச்சு வாங்கும்."

நல்லது என்றேன். ஒரு பல்சக்கரம் மாற்றி, அழுத்தி மிதித்தேன்.