ஜெனரலின் காரோட்டி

எழுபதுகளில், மெல்பர்னில் ஸ்பிரிங்வேல் பக்கம் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் வாட்ச்மேன் ஒரு ஜெர்மானியர். அறுபதைத் தாண்டியும் முதுகு வளையாதவர். விமானச் சத்தம் கேட்டால் போதும், கையிலிருக்கும் டீயைக் கீழே வைத்துவிட்டு, அது மறையும்வரை அண்ணாந்து நிற்பார்.

போரில் அவர் ஒரு விமானப்படை ஜெனரலுக்குக் காரோட்டியவர். ஆஸ்திரேலியர்களிடம் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். நான் இந்தியன் என்பதால் என்னிடம் மட்டும் சொல்வார்.

"நீங்களும் இங்கிலீஷ்காரனை எதிர்த்தவங்கதானே! எங்க ஜெனரலோட அருமை உங்களுக்குத்தான் புரியும்."

ஜெனரல் மேலே வந்த கதையை அவர் ஊர் ஊராகச் சொல்வார். ஓர் ஊர் எரிந்ததும் ஒரு பதக்கம். இன்னோர் ஊர் தரைமட்டமானதும் பதவி உயர்வு. ஒவ்வொரு விருந்துக்கும் இவர்தான் காரில் அழைத்துப் போயிருக்கிறார்.

"எவ்வளவு இளகின மனசு தெரியுமா? ரோட்டுல முயல் குறுக்கே வந்தாக்கூட வண்டியை நிறுத்தச் சொல்லுவார்."

ஒருநாள் தலைக்கு மேலே ஒரு விமானம் தாழ்வாகப் போனது. வழக்கம்போல அண்ணாந்து பார்த்தவர், "நீங்க ஏன் ஒருநாளும் மேலே பாக்கிறதில்லை?" என்று கேட்டார்.

"நான் ரங்கூன்ல பிறந்தவன். ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப சின்னப் பையன். தெருவே வேடிக்கை பார்த்துச்சு. எங்கம்மாவும் அண்ணாந்து பார்த்தாங்க. நின்ன இடத்துலயே போயிட்டாங்க."

அவர் தொப்பியைக் கழற்றினார். கண் கலங்கியதுபோலத்தான் இருந்தது. ஏதோ ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

மெதுவாகக் கேட்டார்:

"எவ்வளவு உயரத்துல வந்தாங்க?"