மாமனாரின் சாய்வு

புது ரம்ப மிஷின் வந்து இறங்கிய காலையில் நர்ஸம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆஸ்பத்திரி வார்டையே ஒரு பார்வையில் அடக்குகிற மனுஷி, வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒரு முத்தமும் கொடுத்துவிட்டாள்.

மூலையில் பழைய மிஷின் போர்வைக்குள் கிடந்தது. வீட்டில் அதற்கு மாமனார் என்று பெயர். நன்றாக முனகித் தீர்க்காமல் எந்த வேலைக்கும் எழுந்திருக்காது. ஆனால் கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேஜை எல்லாம் அது அறுத்துக் கொடுத்த பலகையில் நர்ஸம்மா தன் கையாலேயே செய்தவைதான். போன வாரம் மோட்டார் புகைந்து உயிரை விட்டது. நர்ஸம்மா அழுததைக் கணவர் மட்டும் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

இப்போது அழ நேரமில்லை. மகள் கட்டிக்கொள்ளப்போகும் பையன் சாயங்காலம் குடும்பத்தோடு சாப்பிட வருகிறான். மேஜையோ ஆறு பேருக்குத்தான். ஓரத்தில் ஒரு பலகையைச் சேர்த்து எல்லோரையும் ஒன்றாக உட்காரவைப்பதாக நர்ஸம்மா வாக்குக் கொடுத்திருந்தாள்.

புது மிஷின் முனகவே இல்லை. பலகை நொடியில் தயார். மேஜையோடு சேர்த்து முடுக்கினால், பலகை ஒட்டாமல் சரிந்தது. கணவர் சோதனைக்கு வைத்த எலுமிச்சம்பழம் உருண்டோடி, வருங்காலச் சம்பந்திக்குப் போட்டிருந்த நாற்காலியில் விழுந்தது.

அறுத்த ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்க்க, நர்ஸம்மா தன் மர மூலைமட்டத்தைக் கொண்டுவந்து பலகையில் வைத்தாள். பொருந்தவில்லை. உடனே கடைக்காரருக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடித்தாள்.

"கோணல் மிஷினைத் தலையில கட்டிட்டீங்களே. சம்பந்தி வர்றாங்க, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் சோறு போடறது?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. பெட்டிக்குள்ள இரும்பு மூலைமட்டம் ஒண்ணு இருக்கும். அதை வெச்சுப் பாத்துட்டு அப்புறம் திட்டுங்க."

இரும்பு மட்டம் புதுப் பலகையில் கச்சிதமாக உட்கார்ந்தது. மேஜையில் உட்காரவில்லை. அலமாரியில் உட்காரவில்லை. கட்டிலிலும் இல்லை. கடைசியில் மர மட்டத்தையே அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதுவும் ஒரு நூல் சாய்ந்திருந்தது. சாயாமல் என்ன செய்யும், அதையும் மாமனார்தானே அறுத்துக் கொடுத்தவர். இத்தனை வருஷமாக, பொய் சொன்னவரையே சாட்சிக்கும் கூப்பிட்டிருக்கிறாள்.

நர்ஸம்மா தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். வயிறு வலிக்கும் வரை சிரித்தாள். கணவர் கரண்டியும் கையுமாக ஓடிவந்தார்.

"என்னங்க, நம்ம வீடே கோணல்."

"தெரியுமே. அலமாரில டம்ளருக்கு அடியில துணிய மடிச்சு வைக்கிறேன்ல. இல்லேன்னா வழுக்கிட்டு வந்துடும்."

"ஏன் சொல்லல?"

"நீ அவ்வளவு சந்தோஷமா செஞ்சு குடுத்த. துணி மடிக்கறது எனக்கு ஒரு வேலையா?"

அதற்கும் சிரித்தாள். கொஞ்சம் அழுகையும் சேர்ந்துகொண்டது. பிறகு எழுந்து போய், புது மிஷினின் பிளேடை மேஜையின் சாய்வுக்கு ஏற்றபடி திருகி வைத்து, பலகை ஓரத்தை மறுபடி அறுத்தாள். இந்தத் தடவை கப்பென்று ஒட்டிக்கொண்டது. எலுமிச்சம்பழம் வைத்த இடத்திலேயே இருந்தது.

சாயங்காலம் எல்லோரும் முழங்கை இடிக்க ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். இந்தக் கதையைக் கேட்டுச் சம்பந்தியம்மாவுக்குப் புரையேறிவிட்டது.

"புதுக் குடித்தனத்துக்கும் நீங்கதான் மேஜை செஞ்சு தரணும்," என்றார்.

"அதுக்கென்ன, இனிமே எல்லாம் நேரா வரும்," என்றாள் நர்ஸம்மா.

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எனக்கு நேரா வேண்டாம்மா. இதே சாய்வுல அறுத்துக் குடு. நாங்க மேஜையத் தூக்கிட்டு இங்க வந்தா, இதோட ஒட்டணும்ல."