ஹே எழுத்தின் இடக்கால்

வடக்கு இஸ்ரேலில் எங்கள் மலையூரான சஃபேத்தில் பிழை கண்டுபிடிக்கிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. பிழை இல்லாத இடத்தில் இல்லை என்று சொல்லக்கூடியவர், நான் அறிந்த வரை, எங்கள் படிக்கட்டுச் சந்தின் பெர்லா தஹான் ஒருவர்தான். முப்பது வருஷம் அவருக்குக் கீழ்வீட்டில் குடியிருந்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

பதினாறு வயதில் நெத்தன்யாவில் ஒரு வைரப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். பட்டை தீட்டிய கற்களை லென்ஸ் வழியே பார்த்து, கீறல் விழுந்ததைத் தனியே ஒதுக்குவது வேலை. எங்கள் ஊர் ஹனானியாவைக் கட்டிக்கொண்டு வந்தபோது அந்த லென்ஸும் கூடவே வந்தது. ஹனானியா வேதச் சுருள்களும், வீட்டு நிலைக்கதவில் பதிக்கும் மெசூசாச் சுருள்களும் எழுதுகிறவர். கல்யாணமான முதல் வாரம், மை உலர வைத்திருந்த ஒரு சுருளை பெர்லா விளையாட்டாக லென்ஸில் பார்த்தார். ஒரு ஹே எழுத்தில் இடக்கால் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஹே எங்கள் எபிரேய எழுத்துகளில் ஐந்தாவது. மேலே ஒரு கூரை, கூரையோடு ஒட்டிய வலக்கால், கூரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும் குட்டையான இடக்கால், அவ்வளவுதான். அந்த இடைவெளி மயிரிழை அளவு இருந்தால் போதும். அதுவும் இல்லையென்றால் சுருள் செல்லாது. நாக்கும் உதடும் அசையாமல் வெறும் மூச்சாலேயே ஒலிக்கிற எழுத்து அது. இந்த உலகத்தைக் கடவுள் அந்த ஒரு மூச்சால் படைத்தார் என்பார்கள் எங்கள் ஞானிகள். பிள்ளையில்லாத ஆபிராமின் பெயருக்குள் அது புகுந்து அவர் ஆபிரகாம் ஆன பிறகுதான் ஈசாக்கு பிறந்தான்.

புது மனைவி குறை சொன்னதில் ஹனானியா இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அடுத்த சுருளைக் கொண்டுவந்து பெர்லாவின் சூப்புத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இதுலயும் ஏதாவது இருக்கா பாரு," என்றார். ஊர் மதகுருவான ரபியிடம் கேட்டதற்கு, பெண் எழுதக் கூடாதென்றுதான் சட்டம், பார்க்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை என்று சிரித்துவிட்டாராம். இருபத்திரண்டு வருஷம் கணவர் எழுத, மனைவி பார்த்தார். ஹனானியா இறந்த பிறகும் ஆக்கோவிலிருந்தும் திபேரியாவிலிருந்தும் சுருள்களை எடுத்துக்கொண்டு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

வருகிறவர்கள் சும்மா வருவதில்லை. வீட்டில் நோய், மகளுக்கு வரன் அமையவில்லை, வியாபாரம் படுத்துவிட்டது என்று வருவார்கள். கதவிலிருக்கும் எழுத்தில் ஏதோ கோளாறு என்பது அவர்கள் எண்ணம். 'இருதயம்' என்ற சொல்லின் மையில் விரிசல், அதனால்தான் உன் புருஷனுக்கு மாரடைப்பு என்று சொல்லி அனுப்புகிற ஆட்களும் ஊரில் இருந்தார்கள். பெர்லா அப்படிச் சொன்னதே இல்லை. விரிசல் இருந்தால் இருக்கிறது என்பார். மாரடைப்புக்கு டாக்டரைப் பார் என்பார். இதனால் அவருக்குக் கெட்ட பெயரும் உண்டு. "அவ கல்லையே பார்த்துப் பழகினவ. மனசும் கல்லு," என்று என் காதுபடவே பேசியிருக்கிறார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டு, இலையுதிர்காலப் பண்டிகைகள் முடிந்து முதல் மழை பெய்த வாரம். காலையில் நான் பெர்லா வீட்டு மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். மேல்சந்து மஸூதா முக்காட்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். அவள் கணவர் மக்லூப் எங்கள் ஜெபக்கூடத்தில் வேதம் வாசிக்கிறவர். கணீர் என்ற குரல், அதே அளவு கோபம். ஒரே மகன் ஆவ்னேர் ராணுவத்திலிருந்து திரும்பியதும் ஹைஃபாவில் ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்துவிட்டான். வண்டியே தொடக் கூடாத சனிக்கிழமை ஓய்வுநாளில் வண்டி ஓட்டுகிறான், தலையில் தொப்பி வைப்பதில்லை என்று தெரிந்ததும் மக்லூப் வீட்டுப் பூட்டையே மாற்றிவிட்டார். ஒன்றரை வருஷமாக அந்த வீட்டில் மகன் பெயரை யாரும் சொல்லக் கூடாது.

மஸூதா கொண்டுவந்தது வாசல் கதவின் மெசூசா. கணவருக்குத் தெரியாமல் கழற்றியிருக்கிறாள். அது ஹனானியா எழுதியது. பெர்லா கை கழுவித் துடைத்து, சுருளை விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் எழுநூற்றுப் பதின்மூன்று எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆனது. பிழை எதுவும் இல்லை.

இன்னொரு தரம் பார் என்றாள் மஸூதா. பெர்லா பார்த்தார். மறுபடியும் பார் என்றபோது லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

"நீ எதைத் தேடுற, மஸூதா?"

"ஒரே ஒரு பிழை, கண்ணு. சின்னதா இருந்தாலும் போதும். எழுத்துல குத்தம், அதான் புள்ள தடம் மாறிட்டான், அவன் மேல தப்பில்லன்னு அவர்கிட்ட போய் சொல்லிக்கிறேன். நீ சொன்னா நம்புவாரு."

பிழை இருக்கிறதென்று சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்று எனக்குத் தோன்றியது. செத்துப்போன ஹனானியா வருத்தப்படப் போவதில்லை. ஒரு குடும்பம் ஒன்று சேரும். பெர்லா மஸூதாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் பொய்யை நம்பி அவர் அவனை உள்ள விட்டா, நாளைக்கு வேற காரணம் கிடைச்சதும் வெளிய தள்ளுவாரு. சுருள் இங்கயே இருக்கட்டும். அவரையே வந்து வாங்கிக்கச் சொல்லு."

மஸூதா அழுதுகொண்டே போனாள். நான் அன்று பெர்லாவோடு சரியாகப் பேசவில்லை. கல்மனசு என்று ஊர் சொன்னது நிஜம்தானோ என்றுகூட நினைத்தேன்.

பிற்பகல் தொழுகைக்கு முன்பே மக்லூப் படியேறி வந்தார். வெறும் கதவோடு வீட்டை நிற்க வைத்துவிட்டாய், பெண்கள் சேர்ந்து நாடகம் ஆடுகிறீர்கள் என்று வாசலிலிருந்தே சத்தம் போட்டார். பெர்லா நாற்காலியை இழுத்துப் போட்டு, சுருளை அவர் முன்னால் விரித்தார். பிழை இல்லை, ஒரு எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள் என்று லென்ஸை நீட்டினார்.

"ஹே. இதுல என்ன இருக்கு?"

"மேல, இடக்கால்கிட்ட இருக்கற இடைவெளி. அது ஏன் இருக்கு, மக்லூப்?"

"எனக்கே பாடமா? நாப்பது வருஷமா வாசிக்கிறேன்."

"அதனாலதான் உங்ககிட்ட கேக்கிறேன்."

அவர் ஜெபக்கூடத்துக் குரலில் ஒப்பிக்க ஆரம்பித்தார். ஹே கீழே முழுக்கத் திறந்த வீடு. போகிறேன் என்கிறவன் தாராளமாக விழுந்து போகலாம். மனம் மாறித் திரும்புகிறவனுக்காக மேலே பக்கவாட்டில் ஒரு வழி வைத்திருக்கிறது. விழுந்த வழியாகவே அவன் ஏறி வரக்கூடாதா என்றால், அது நடக்காது. திரும்புகிறவனுக்குக் கை கொடுக்க வேண்டும், அதனால்தான்...

அங்கே குரல் நின்றுவிட்டது. மக்லூப் தாழ்ந்த குரலில், "அவன் மனசு மாறல. மாறினா வரட்டும்," என்றார்.

"இன்னொண்ணும் சொல்லுவாங்களே. கூரை நினைப்பு, வலக்கால் பேச்சு, ரெண்டும் ஒட்டிக்கிட்டிருக்கும். இடக்கால்தான் செய்கை. அது மட்டும் தனியா நிக்கும். அவனையே நினைக்கிறீங்க. வீட்டுல அவன் பேரைச் சொல்ல விடாம, வெளிய அவனைப் பத்தி ஊரெல்லாம் பேசுறீங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

மக்லூப் சுருளைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஓய்வுநாளில் பெர்லாவின் வணக்கத்தை அவர் ஏற்கவில்லை. மழைக்காலம் முழுக்க அப்படியே கழிந்தது. மஸூதாவும் எங்கள் படி ஏறவில்லை.

பனி விலகிய பிறகு நடந்ததை ஆவ்னேரே ஒருநாள் என்னிடம் சொன்னான். ஒரு வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தானாம். யாரோ பளபளவென்று மெருகேற்றிய கறுப்பு ஷூவோடு பக்கத்தில் வந்து நின்றார்களாம். வெளியே உருண்டு வந்து பார்த்தால் அப்பா. ஹைஃபாவுக்கு அதற்கு முன் தனியாக வந்ததே இல்லை. இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார்.

"வியாழக்கிழமை உங்கம்மா மீன் குழம்பு வைக்கிறா," என்றாராம் மக்லூப். "எனக்கு ஒரேயடியா காரம் போடுறா. பாதி மீந்து போகுது."

வியாழக்கிழமை அவன் வந்தான். அவன் தலையில் தொப்பி இல்லை. மக்லூப் வாசலில் இறங்கி நின்று அவனை உள்ளே கூட்டிப்போனதைச் சந்து முழுக்கப் பார்த்தது. இரண்டாம் தட்டு முடிவதற்குள் அப்பாவுக்கும் மகனுக்கும் எதற்கோ சண்டை மூண்டு, சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. அடுத்த மாதமும் வந்தான். பக்திமான் ஆகவில்லை, கடைசி வரை ஆகவுமில்லை. மக்லூப்பும் மாறவில்லை. ஆனால் அந்தக் கதவு பிறகு அவனுக்குப் பூட்டப்படவில்லை.

மஸூதா ஒரு சட்டி நிறைய மீன் கொண்டுவந்தாள். பெர்லா ருசி பார்த்துவிட்டு, மக்லூப் சொன்னது சரிதான், காரம் அதிகம் என்றார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அறுபத்தெட்டாம் வயதில் பெர்லா ஒரு காலை என்னைக் கூப்பிட்டு, ஒரே வரியை மூன்று தரம் பார்த்தேன், மூன்று தரமும் வேறு மாதிரித் தெரிந்தது என்றார். அன்றைக்கே கதவில் தாள் ஒட்டினார்: "இனி பார்ப்பதில்லை. என் கண்ணை நான் நம்பவில்லை." சும்மா ஒரு பார்வை பாருங்கள், உங்கள் வாய்வார்த்தை போதும் என்று கெஞ்சினவர்கள் உண்டு. அவர்களை உள்ளே உட்கார வைத்து, புதினா டீ கொடுத்து, வேறு ஆளின் முகவரி எழுதிக் கொடுத்து அனுப்பினார்.