கொடியில் காய்ந்த சட்டை

அப்பா இறந்த பிறகும் அவருடைய பழுப்புச் சட்டையை வாரம் தவறாமல் நனைத்துக் கொடியில் போடுவாள் அம்மா. அழுக்கே ஆகாத சட்டை. வீட்டில் ஆம்பளை இருக்கிறான் என்று வெளியே தெரிய வேண்டும், அவ்வளவுதான். பம்மலில், மூடிப்போன தோல் கம்பெனி ஒன்றின் பின்சுவரை ஒட்டி எங்கள் வீடு தனியாக நின்றது. மழை பெய்தால் பழைய தொட்டிகளிலிருந்து நாற்றம் கிளம்பும். அம்மா, புருஷன் விட்டுப்போன சித்தி, நான். விளக்கு வைத்ததும் கதவைத் தாழிட்டுவிடுவோம்.

ஈழத்தில் போர் முடிவை நெருங்கிய மாதங்களில் மாடி அறைக்கு ஒருவர் குடிவந்தார். முல்லைத்தீவுக்காரர். அவருடைய அம்மாவும் தங்கையும் அங்கே சண்டைக்குள் சிக்கியிருந்தார்கள். அவர் படித்துவிட்டு வைக்கும் பேப்பரைச் சித்தி எடுத்துவந்து என்னிடம் நீட்டுவாள்.

"அவுங்க ஊரப் பத்தி இன்னா போட்டுக்கீறான், படி."

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்போது ஒன்பதாவது. குண்டு விழுந்த இடங்களின் பெயர்களைத் திக்காமல் வாசித்தேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. சித்தி அடுப்பைப் பார்த்தபடியே கேட்பாள். அன்றைக்கு மாடிக்குப் போகும் குழம்பில் மீன் ஒரு துண்டு அதிகமாக இருக்கும்.

அவர் கீழே வந்தால் வாசலோடு நின்றுவிடுவார். "அக்கா, தண்ணி வருதோ?" என்பார். அவர் போனதும் சித்தி பழித்துக் காட்டுவாள்: "வருதோவாம்! வராம எங்க போவுது?" அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு அவர் துணிகளையும் துவைக்க ஆரம்பித்தாள். கொடியில் நீலச் சட்டை, கட்டம் போட்ட சட்டை. ஒருநாள் குழாயடியில் அடுத்த தெரு அக்கா அம்மாவிடம் கேட்டாள்:

"இன்னாக்கா, செத்துப்போன உன் வூட்டுக்காரரு புதுசு புதுசா சட்டை போட்டுக்குறாரு? உன் தங்கச்சிதான் தொவைக்குதா?"

குழாயடியே சிரித்தது. பழுப்புச் சட்டையின் கதை எல்லோருக்கும் எப்போதோ தெரிந்திருக்கிறது.

அன்று மாலையே அம்மா மாடிப்படியில் நின்று சொன்னாள்: "தப்பா நெனச்சிக்காத தம்பி. வேற வூடு பாத்துக்க. நாங்க பொம்பளைங்க."

"ஓம் அக்கா, விளங்குது. நான் ஊருக்கே போறன். அம்மாவைத் தேட வேணும்."

சித்தி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "அங்க குண்டு வுழுதுக்கா! இப்பவா தொரத்துற?"

"நாளைக்கு உன்னத்தான்டி பேசுவாளுங்க."

"பேசட்டும்."

மறுநாள் அவர் ஒரு பையோடு ஷேர் ஆட்டோவில் ஏறினார். ராமேஸ்வரம் போய்ப் படகு பார்ப்பதாகச் சொன்னார். "போயிட்டு வாறன்" என்றபோது சித்தியைத்தான் பார்த்தார்.

சில வாரங்களில் போர் முடிந்தது. அந்தச் செய்தியை வாசிக்கப் பேப்பரை எடுத்தேன்.

"வாணாம்" என்றாள் சித்தி. "அவுரு ஊரு எங்க கீது, அத மட்டும் காட்டு."

பாடப்புத்தகத்து வரைபடத்தில் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தாள். "நாம எங்க கீறோம்?" அதையும் காட்டினேன். இன்னொரு விரலை அங்கே வைத்தாள்.

"இம்மாம் கிட்டயா? அப்புறம் ஏன் ஒரு சேதியும் வரல?"

"நடுவுல கடல் இருக்கு சித்தி."

நான் புத்தகத்தை மூடப்போனேன். அவள் விரல்களை எடுக்கவில்லை.