அந்த வலி தெரிந்த இன்னொருவர்

சங்ககிரியிலிருந்து சின்னுசாமி அண்ணனின் மனைவி, அக்காதான் பேசினார். "தம்பி, அவரு போயிட்டாருங்க" என்றார். டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்தவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார், எழுந்திருக்கவில்லை. லாரி வைத்திருந்த சின்னுசாமி அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். எனக்கு அவர் பழக்கமானது ஆஸ்பத்திரியில், பக்கத்துக் கட்டிலில்.

இருவருக்கும் ஒரே நோய். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்துவிட்டது. இருவருக்குமே பல வருஷப் பிரஷர். இருவருமே நன்றாகத்தானே இருக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்திய புத்திசாலிகள். நான் சேலம் கடைவீதியில் விழுந்ததால் சீக்கிரமே ஆபரேஷன் மேசைக்குப் போய்விட்டேன். அண்ணன் வாயுப்பிடிப்பு என்று சோடா குடித்துப் படுத்துவிட்டு மறுநாள்தான் வந்தார். அதற்குள் சிறுநீரகங்களுக்கு ரத்தம் போவது நின்றிருந்தது. "ஆபரேஷன் பண்ணினாலும் உறுதி சொல்ல முடியாதும்மா. பண்ணலைன்னா நம்பிக்கையே இல்ல" என்று டாக்டர் சொன்னதும், அக்கா யாரையும் கேட்காமல் "பண்ணிப்போடுங்க" என்றாராம். அண்ணன் பிழைத்தார். சிறுநீரகங்கள் பிழைக்கவில்லை.

அதன்பின் பிரஷர் பார்க்காமல் எந்த டிரைவருக்கும் அவர் சாவி கொடுத்ததில்லை. "டயருக்குக் காத்து பாக்கறீங்கல்ல? உங்களுக்குப் பாத்தா என்னங்கடா கேடு?" என்று ஆபீசே அதிரக் கத்துவார்.

என் வீட்டில் எல்லோரும் "அதான் நல்லாயிட்டீங்களே" என்பார்கள். எரிச்சலாக வரும். இருமினால்கூட உள்ளே தையல் விட்டுவிடுமோ என்று நடுங்குகிறவனிடம் பேசுகிற பேச்சா இது! அண்ணனுக்குப் போன் போடுவேன். "பயமாத்தானுங்க இருக்கும். எனக்கும் அப்படித்தானுங்க" என்பார். அன்றைக்கு அது போதும்.

காரியம் முடிந்ததும் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, அன்னைக்கு அவருக்கு எப்படி வலிச்சுதுங்க? எப்பக் கேட்டாலும் வாயுன்னே சொல்லிப்போட்டாரு. உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

தெரியும். லோடு தாங்காமல் லாரிக்கு அடியில் இருக்கும் வில்பட்டை ஒடிகிற மாதிரி நடுமுதுகில் படீரென்று இறங்கியது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். எனக்கும் அப்படியேதான். சத்தியமாக, மனிதன் தாங்குகிற வலி அல்ல.

"ரொம்ப இல்லீங்க அக்கா" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அண்ணன் என்னிடம் விட்டுப்போனது அந்த வலியைத்தான். இத்தனை நாள் இரண்டு பேராக வைத்திருந்தோம். இனி நான் ஒருவன்தான்.