ஏலக்காயும் ஜி மீட்டரும்

யுத்த சமயத்தில் விமானத்தில் குட்டிக்கரணம் போடப் பழகிக்கொண்டிருந்தேன். லீவில் கூடலூர் வந்தபோது, ஏலக்காய் வியாபாரியான என் மாமாவிடம் விமானத்தில் நம் எடை எத்தனை மடங்காகிறது என்று காட்டும் ஜி மீட்டரைப் பற்றிப் பெருமையடித்தேன்.

"கரணம் போடும்போது முள்ளு நாலைத் தொடும், மாமா. அப்ப என் எடை நாலு மடங்கு. கண்ணே இருட்டிரும்."

என் கண் இருட்டியதைப் பற்றி அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மடியில ஏலக்காய் மூட்டை இருந்தா?" என்றார்.

"அதுவும் நாலு மடங்குதான்" என்றேன் எரிச்சலோடு.

"தலைகீழாப் பறந்தா?"

"முள்ளு சைபருக்கும் கீழ போயிரும்."

மாமா கடைத் தராசை ஒருதரம் பார்த்தார். பிறகு, நான் பிறந்ததிலிருந்து காட்டாத மரியாதையோடு என்னைப் பார்த்தார்.

"அப்ப வாங்குறப்ப தலைகீழாப் பறக்கணும் மாப்ளே. விக்கிறப்ப கரணம் போடணும்."